வண்டிக்கு மஞ்சள் அடித்த பிள்ளை

என் பள்ளி வேனில் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி அந்தப் பெண் பிள்ளை உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. கொரோனாவுக்குப் பிறகு பள்ளிக்கூடம் திறந்த ஜூன் மாதம். எல்.கே.ஜி., யு.கே.ஜி. எதையும் பார்க்காமல் நேராக ஒன்றாம் வகுப்புக்கு வந்தவள். மற்ற பிள்ளைகள் வேனை விட்டு இறங்கிப் போய்விட்டார்கள். இவள் இறங்கவில்லை, அழவும் இல்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபம். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். லோடு ஆட்டோவில் தொடங்கி, இன்றைக்குக் கோவை ஆர்.எஸ்.புரத்தில் என் வேன் நுழையாத வீதி இல்லை என்னும்படி வந்தவன். அழுகிற பிள்ளையைச் சிரிக்க வைத்து இறக்குவதில் இந்த ஊரில் என்னை மிஞ்ச ஆளில்லை. அன்றைக்கு என் வித்தை எதுவும் பலிக்கவில்லை.

மறுநாளும் அதே கதை. தலைமையாசிரியை வேனுக்கே வந்துவிட்டார். "நாளைக்கும் இறங்கலைன்னா இந்த வருசம் வேண்டாமுங்க, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார். பிள்ளையின் அம்மா மில்லுக்குப் போகிறவர். வீட்டில் வேறு ஆள் கிடையாது. பிள்ளை வீட்டில் நின்றால் அந்தம்மாவும் வேலையை விட வேண்டியதுதான்.

அப்போதுதான் ஒன்றாம் வகுப்பு மிஸ் ஒரு படப் புத்தகத்தோடு வேனில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் நாள் பள்ளிக்குப் போகும் குழந்தையின் கதை, கடையில் வாங்கியது. அதில் அம்மா கைப்பிடித்துக் கூட்டிவந்து வாசலில் டாட்டா காட்டுகிறாள். அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் பிள்ளையின் உதடு கோணியது. மிஸ் சட்டென்று புத்தகத்தை மூடினார். "பயந்த புள்ளைக்குச் சமாதானம் சொல்லி ஆகாதுங்க. அடுத்து என்ன நடக்கும்னு காட்டிப்போடணும்" என்றார்.

அடுத்த நாள் காலை அவரே வரைந்த புத்தகத்தோடு வந்தார். முதல் பக்கத்தில் என் வெள்ளை வேன், பக்கத்தில் நான். அப்புறம் கேட், தண்ணீர்க் குழாய், பாத்ரூம், பெஞ்சு, சாப்பாட்டு டப்பா. கடைசிப் பக்கத்தில் மணி அடிக்கிறது. கேட்டுக்கு வெளியே அதே வேன், கையைத் தூக்கியபடி நான்.

"மீசை சின்னதா இருக்குங்க மிஸ்."

"பெருசாப் போட்டா புள்ளை பயந்துக்குமுங்க."

பிள்ளை கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தாள். "வண்டி நெசமா நிக்குமா?"

"நிக்கும் கண்ணு" என்றேன். கம்பியை விட்டாள்.

அன்று மத்தியானம்தான் என் புது வேன் வந்தது. மஞ்சள் நிறம். பழையதை வாங்கியவர் அப்போதே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, முன்பக்கம் வாழைக்கன்று கட்டி, முதல் சவாரி பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத்தான் என்று ராஜா மாதிரி கொண்டுபோய் நிறுத்தினேன். மணி அடித்தது. பிள்ளைகள் ஓவென்று கத்திக்கொண்டு ஏறினார்கள். இவள் புத்தகத்தோடு கேட்டுக்கு வந்தாள். கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள். திரும்பி ஓடி வகுப்பறைப் பெஞ்சுக்கடியில் புகுந்துகொண்டாள்.

"ஏனுங்க, இன்னைக்கேவா?" என்றார் மிஸ். "இன்னைக்கு அவ வண்டி வரலீன்னு மனசுல விழுந்துருச்சுன்னா, நாளைக்கு ஊட்டை விட்டே கிளம்ப மாட்டாளுங்க."

பழைய வண்டியை வாங்கியவருக்குப் போன் போட்டேன். சத்தியமங்கலம் போய்ச் சேர்ந்திருந்தார். வேனுக்குள் பிள்ளைகள் கூச்சல். பெற்றவர்கள் மாற்றி மாற்றி அழைக்கிறார்கள். மிஸ் எப்படியோ அவளைக் கேட் வரைக்கும் கூட்டிவந்தார். "படத்துல இருக்கற மாதிரியே நில்லுங்க. பேசாதீங்க" என்றார் என்னிடம்.

பேசாமல் நிற்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். "ஏனுங்ண்ணா, எலக்சன்ல நிக்கறீங்களா?" என்று ஒரு ஆட்டோக்காரன் கேட்டுப் போனான். நான் திரும்பவில்லை. பிள்ளை படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். என் கை மரத்துப்போயிற்று.

"வேன் தாத்தா அதேதான்" என்றாள் கடைசியில். "வண்டிதான் வேற."

மிஸ் மஞ்சள் கிரேயானை நீட்டினார். பிள்ளை தரையில் குந்தி, படத்து வேனுக்கு மஞ்சள் அடித்தாள். கோட்டைத் தாண்டி என் மீசைக்கும் அடித்தாள். புத்தகத்தை மூடிவிட்டுத் தானாகவே ஏறினாள்.

மிஸ் ஓய்வு பெற்று மகன் ஊருக்குப் போய்விட்டார். அவள் இப்போது சைக்கிளில் பள்ளிக்குப் போகிறாள். என் வேனில் புதிதாக ஏறும் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு ஜூனிலும் அந்தப் புத்தகத்தை நானே அச்சடித்துக் கொடுக்கிறேன். இந்த ஊரில் வேறு எந்த வேன்காரனும் செய்வதில்லை. இந்த வருடம் அச்சகத்துப் பெண் போனில் கேட்டாள், வண்டிக்கு என்ன கலர் என்று.

"வண்டிய மட்டும் வெறுமனே உடு அம்மணி" என்றேன். "எது வந்து நிக்குதோ, அதப் பாத்துப் புள்ளைங்களே அடிச்சுக்கட்டும்."