‘எங்கட’ என்ற சொல்லைத் தேடிய வகுப்பு

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, செத்த படைவீரர்களுக்கென அமைத்த மயானம் ஒன்றைத் திறந்துவைக்கப் போன சனாதிபதி, இரண்டு மூன்று நிமிடம் பேசினார். உலகமே அறிந்த பேச்சு. அவர் கையாலேயே எழுதிய பிரதிகள் ஐந்து இருக்கின்றன. எல்லாம் ஒன்றுபோல இல்லை. சிலதில் கடவுள் வருகிறார், சிலதில் வரவில்லை. மூலச் சான்றுகளைப் படிக்கப் பழக்குவதற்குப் பதினோராம் வகுப்புக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது என்று நம்பி, பிரின்சிபல் என் வகுப்பைப் பார்க்க வரும் நாளுக்கென்றே இதை எடுத்துவைத்தேன். எனக்குத் தேவையா இது?

ஊர்ச் சண்டைக்குத் தப்பி வந்த தமிழர் நிறைந்த ஸ்காபரோவில், வராத ஆசிரியருக்குப் பதிலாகப் போகும் சப்ளை ரீச்சராக நான் ஏறி இறங்காத பள்ளிக்கூடம் இல்லை. வோபர்னில் இருக்கிற இந்தப் பள்ளிக்கூடத்தில் என்னை பெர்மனன்ற் ஆக்குவதா இல்லையா என்பது அன்றைக்குப் பிரின்சிபல் எழுதப்போகும் அறிக்கையில் இருந்தது. பிக்கரிங்கில் வீட்டை வாங்கிவிட்டு, விடிந்தால் எந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் சீவியம் எனக்கு அலுத்துப்போயிருந்தது.

பிரின்சிபல் லப்ரொப் கணினியோடு பின்வரிசையில் இருந்தார். இரண்டு பிரதிகளின் நகல்களைக் கொடுத்து, என்ன வித்தியாசம் என்று பார்க்கச் சொன்னேன். ஒருவன் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “சேர், இது என்ன லாங்குவேஜ்?”

எழுத்தோடு எழுத்தைக் கோத்து எழுதிய ஆங்கிலத்தை அந்தப் பிள்ளைகள் ஒருவரும் படித்ததில்லை. எனக்கு அது தோன்றவேயில்லை. நான் முதல் வரியை வாசித்துக் காட்டுவதற்குள் போன்கள் வெளியே வந்துவிட்டன. “ஃபுல் ஸ்பீச்சும் இதில இருக்கு சேர். கடவுளும் இருக்கிறார். டன், முடிஞ்சுது.” எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முகத்தில் சிரிப்பை ஒட்டிவைத்தபடி, மூலப் பிரதி ஏன் முக்கியம் என்று தொண்டை வரளக் கத்தினேன். பிரின்சிபலை யாரோ கூப்பிட்டார்கள். லப்ரொப்பை மூடிக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை.

அவர் போன கையோடு, முன்வரிசையில் வாயே திறக்காத தமிழ்ப் பெண்பிள்ளை ஒன்று கேட்டது: “சேர், மற்ற சைட் ஆக்களையும் அந்த மயானத்திலயோ தாட்டவை?”

“இல்லை. அவையை வயலுக்குள்ளயே குழி வெட்டி மூடிவிட்டவை. கனகாலம் அப்பிடியேதான் கிடந்தவை.”

“அப்ப அவர் எங்கட ஆக்கள் எண்டு மட்டுமோ சொல்றார்?”

“தெரியாது. பாத்துச் சொல்லுங்கோ” என்றேன், எரிச்சலில்.

பார்த்தார்கள். போனைத் தூக்கியவனை, “இவர் கையால என்ன எழுதினவர் எண்டதுதான் கேள்வி” என்று அவளே அதட்டினாள். ‘எங்கட’ என்ற அந்த மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லை அந்தக் கொடியெழுத்துக்குள் விரல் வைத்துத் தேடினார்கள். எங்கட முன்னோர் என்று ஓரிடத்தில் இருந்தது. எங்கட சக்தி என்று இன்னோரிடத்தில். செத்தவர்களுக்கு முன்னால் எங்குமே இல்லை. இங்கே போராடிய வீரர்கள் என்ற இடத்தில் எந்தப் பக்கம் என்றும் இல்லை. ஆனால் நாடு வாழ உயிர் கொடுத்தவர்கள் என்று இருக்கிறதே, அது ஒரு பக்கம்தானே என்று போன்காரனே மல்லுக்கு நின்றான். மணி அடித்தும் சண்டை ஓயவில்லை.

எல்லோரும் போனபிறகு அவள் மேசையடிக்கு வந்தாள். “சண்டையில செத்த எங்கட மாமாவை ஊரில தாட்ட இடத்தையும் உழுதுபோட்டினமாம், சேர். சண்டை முடிய அங்கத்தைச் சனாதிபதியும் பேசியிருப்பார் தானே? அதில மாமா இருக்கிறாரோ எண்டு இப்பிடித் தேடலாமோ?”

“ஓம், தேடலாம்” என்றேன்.

அடுத்த கிழமை அறிக்கை வந்தது. மாணவர்கள் மூலச் சான்றைத் தொடவேயில்லை. பெர்மனன்ற் ஆக்கப் பரிந்துரைக்க முடியாது. பிரின்சிபலின் அறைக்கு ஓடினேன். நீங்கள் போனபிறகுதான் வகுப்பே தொடங்கியது, பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று கெஞ்சினேன். அவர் கெட்டவர் இல்லை. தான் கண்ணால் கண்டதைத்தான் எழுத முடியும் என்றார்.

அதுதான் வயிறு எரிகிறது. நேரில் இருந்தவர், கண்டதை அன்றைக்கே எழுதிக் கையெழுத்தும் வைத்திருக்கிறார். நாளைக்கு என்னைப் பற்றித் தேடுகிறவனுக்கு அதைவிட நல்ல மூலச் சான்று கிடைக்காது.