மூன்று நொடி விசில்

வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நான் நினைத்திருந்த காலம் அது. காத்திவாக்கத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்தேன். கேள்வி கேட்ட மூன்று நொடிக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் விசில் ஊதுவேன். ரயில்வே கார்டு என்று நினைப்பு!

அன்று ஷாலினியிடம், "ஏழெட்டு எவ்வளவு?" என்றேன். மூன்று நொடி போனது. ஊதினேன். பிள்ளைகள் சிரிக்க, அவள் வெளியே ஓடிவிட்டாள்.

வாசலைத் தாண்டினால் கன்டெய்னர் லாரிகள் பறக்கும் சாலை. செருப்புகூடப் போடாமல் பாய்ந்தேன். அவளைக் காணோம். ஒரு லாரி கிறீச்சென்று நின்றது. எனக்கு உயிரே போய்விட்டது. குனிந்து சக்கரங்களுக்கு அடியில் பார்த்தேன். யாரும் இல்லை. டிரைவர் திட்டியது மட்டும் இன்னும் மனப்பாடமாக இருக்கிறது.

சாலைக்கு அப்பால் கடற்கரைக்கு ஓடினேன். அங்கே அவள் அம்மா இறால் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா... ஷாலினி..." என்றேன்.

"இன்னா சார், செருப்பு கூட இல்லாம ஓடியார? ஏழெட்டு எவ்ளோ? சீக்கிரம் சொல்லு!"

சத்தியமாகத் தெரியவில்லை. தலைக்குள் லாரிச் சக்கரம்தான் சுற்றியது.

கவிழ்த்திருந்த படகுக்குப் பின்னாலிருந்து ஷாலினி எட்டிப் பார்த்தாள். "அம்பத்தாறு சார்."

நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

"வூட்ல கரீட்டா சொல்லுது சார். உன் விசில பாத்தாதான் பேஜாராவுது," என்றார் அம்மா.

இப்போதும் வாய்ப்பாடு சொல்லித்தருகிறேன். பதில் வரும்வரை காத்திருக்கிறேன். வேகம் மெல்லத் தானாக வருகிறது. அன்று கரையில் எனக்கும் மூன்று நொடிக்கு மேல் ஆனது. யாரும் விசில் ஊதவில்லை.