இரண்டாம் பாகத்துக்கு நான் கொடுக்காத சீட்டு

என் இரும்புப் பெட்டிக்குள், ரேஷன் கார்டுக்கும் பழைய போட்டோக்களுக்கும் அடியில், தினசரிக் காலண்டரில் கிழித்த தாள் ஒன்று இருக்கிறது. அதன் பின்பக்கத்தில் வரிக்கு ஆறாக நாலு வரி இங்கிலீஷ் எழுத்து. இருபத்து நாலு எழுத்தில் இருபத்து மூன்று நான் பென்சிலால் எழுதியவை. ஒன்று மட்டும் ஊதாப் பேனாவில் இருக்கும். அதை எழுதியவள் என் ஓரகத்தி, என் கொழுந்தனாரின் மனைவி. இப்போதெல்லாம் அந்தத் தாளை மாதத்துக்கு ஒரு தடவையாவது எடுத்துப் பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளாது.

நான் பிறந்தது திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கரிசல் ஊர். மூன்றாம் வகுப்போடு சரி. தமிழே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இங்கிலீஷ் எழுத்துக்கு எனக்குப் பேர் தெரியாது, உருவம்தான் தெரியும். அருப்புக்கோட்டையில் கடைவீதிக் குடும்பத்துக்கு மூத்த மருமகளாக வந்தேன். அண்ணன் தம்பி இரண்டு பேரும் சேர்ந்து ரேடியோ, டேப், டி.வி. விற்கிற கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. எங்க அத்தை ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கடைக்குப் புதுச் சரக்கு எது வந்தாலும் பார்சலின் சணலை மூத்த மருமகள்தான் அறுக்க வேண்டும், அவள்தான் முதலில் வெளியே எடுக்க வேண்டும். அதற்கு 'முதக் கை' என்று பேர். டிரான்சிஸ்டரிலிருந்து கலர் டி.வி. வரைக்கும் என் கை படாமல் எதுவும் விலைக்குப் போனதில்லை. அதில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. படிப்பில்லாதவள் ஒரு வீட்டில் தலை நிமிர்ந்து நடக்க அந்த ஒரு சணல் போதுமாக இருந்தது.

தொண்ணூறுகளில் வீடியோ கேம் வந்தது. டி.வி.யில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டி, அதில் கேசட்டைச் சொருகி, ரிமோட்டைக் கையில் பிடித்து ஆடுவது. கடையை ஒட்டிய அறையில் இரண்டு டி.வி. போட்டு, மணிக்கு இவ்வளவு என்று ஆட விட்டார்கள். மில்லுக்குப் போகிறவர்கள், காலேஜ் பிள்ளைகள், பாலவனத்தத்திலிருந்து டவுனுக்குச் சாமான் வாங்க வந்து பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் என்று கூட்டம் வரும். கேசட் வாங்க எங்க வீட்டுக்காரர் காரியாபட்டி வழியாக மதுரைக்குப் போவார். மொத்த வியாபாரி எட்டு நாள் தவணையில் கொடுத்துவிடுவார். பிடித்தால் வைத்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் திருப்பிவிடலாம். பிடிக்கிறதா இல்லையா என்று சொல்வது என் வேலையாயிற்று. முதக் கை என்னுடையது, அதனால் மத்தியானம் கடை சாத்தியிருக்கும்போது நான்தான் முதலில் ஆடிப் பார்ப்பேன். நான் நல்லது என்று சொன்ன கேசட்டுக்குக் கூட்டம் நின்றது. இது எப்படி என்று எனக்கே தெரியாது. ஒரு பொத்தானை அமுக்கினால் அந்த ஆள் உடனே தாவுகிறானா, செத்தால் அது நம் தப்பு என்று படுகிறதா, இன்னொரு தடவை என்று கை பரபரக்கிறதா, இந்த மூன்றைத்தான் பார்ப்பேன். அதற்குப் படிப்பு வேண்டியதில்லை.

அப்படி வந்த ஒரு கேசட்டில்தான் 'நம்ம ஆளு' வந்தான். அவனுக்கு வேறு பேர் நான் வைக்கவில்லை. ஆகாயத்தில் போன கப்பல் உடைந்து தண்ணீரில்லாத ஒரு கிரகத்தில் விழுந்துவிட்டான். சிவந்த மண், முள், எதிரே இரும்பு வண்டுகள். ஒவ்வொரு வண்டாகச் சுடச் சுட அவனுக்குத் தெம்பு ஏறும். தெம்பு ஏறினால் பெரிய துப்பாக்கி தூக்கலாம், கனமான சட்டை போடலாம். வழியில் வியாபாரிகள் இருப்பார்கள், வண்டின் ஓட்டைக் கொடுத்தால் மருந்து தருவார்கள். ஆடுகிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு ஆளை வளர்க்கிறோம் என்றுதான் தோன்றியது. வெயிலில் குடம் தூக்கி நடந்த எங்க ஊர்ப் பாதை மாதிரியே இருந்தது அந்த மண். தை பிறந்து தொடங்கியவனைச் சித்திரை வரைக்கும் வளர்த்தேன். "மூத்தவ பெட்டிக்குள்ள ஆம்பளைய வளக்குறா, இங்க அடுப்புல சோறு கருகுது" என்று எங்க அத்தை சொல்லாத நாள் இல்லை.

கரண்டு போனால் அவன் வளர்ந்ததெல்லாம் போய்விடும். அதற்காக ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் டி.வி.யில் இருபத்து நாலு எழுத்து வரும். அதை எழுதி வைத்துக்கொண்டு மறுநாள் அதே எழுத்துகளை டி.வி.யில் ரிமோட்டால் ஒவ்வொன்றாகத் தேடிக் காட்டினால், விட்ட இடத்தில் அதே தெம்போடு எழுந்து நிற்பான். நான் எழுத்துகளைப் படமாகப் பார்த்து எழுதினேன். ஒன்று தோசைக்கல், ஒன்று கவட்டை, ஒன்று பாம்பு, ஒன்று ஏணி. என் ஓரகத்தி எட்டிப் பார்த்துச் சிரிப்பாள். "அக்கா, ஏணிக்கு ஒரு படிதான். நீங்க ரெண்டு படி வச்சிருக்கீங்க." "ஒத்தப் படியில யாருடி ஏறுவா?" என்பேன். கடைசியில் இரும்பு ராசாவைக் கொன்ற அன்றைக்கு வந்த எழுத்துகள்தான் இந்தத் தாளில் இருப்பவை. முழுத் தெம்போடு இருக்கிற நம்ம ஆளு.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். விருதுநகரில் பிறந்தவள், பிளஸ் டூ முடித்தவள். வந்த நாளிலிருந்து என்னை ஒரு சொல் எதிர்த்துப் பேசியதில்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. சண்டைக்காவது வந்திருந்தால் அவளை வையவாவது ஒரு வழி இருந்திருக்கும். அவள் கோலம் நேராக இருந்தது, கையெழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. கொழுந்தனார் அவள் படிக்கிற பேப்பரை அவளுக்குப் பின்னால் நின்று படிப்பார். எங்க வீட்டுக்காரர் எனக்குப் பேப்பரை மடித்துத்தான் கொடுப்பார், அலமாரியில் விரிப்பதற்கு.

மறு வருசம் அந்த ஆட்டத்துக்கு இரண்டாம் பாகம் வந்திருக்கிறது என்று மதுரையிலிருந்து கேசட் வந்தது. நான் கத்தியோடு வந்து நின்றேன். எங்க வீட்டுக்காரர் பார்சலை என்னைத் தாண்டி நீட்டினார். "இதுல படிக்கிறது நிறைய இருக்காம். சின்னவ அறுக்கட்டும். அவ பாத்துச் சொல்லட்டும், வச்சுக்கிறதா வேண்டாமான்னு. சரியா வந்துச்சுன்னா இனிமே கேசட்டு பாக்குறது அவ பொறுப்பு." அவள் என் முகத்தைப் பார்த்தாள். "அக்காவே அறுக்கட்டும், மாமா" என்றாள். "அட, நீ அறு ஆத்தா" என்று அவர் கடைக்குப் போய்விட்டார். கத்தியை அவள் கையில் கொடுத்தேன். கொடுத்தேன் என்று சொல்கிறேன். அவள் முன்னால் தரையில் வைத்துவிட்டு வந்தேன் என்பதுதான் உண்மை.

அன்று மத்தியானம் அவள் ஆட உட்கார்ந்தாள். நான் கொஞ்சம் தள்ளி, உடைக்க அவசரமில்லாத நிலக்கடலையை உடைத்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் தொடங்கும் முன்னாலேயே டி.வி.யில் நிறைய எழுத்து வந்தது. அவள் படித்துவிட்டுத் திரும்பினாள், முகமெல்லாம் சந்தோசம். "அக்கா, முதல் பாகத்துல வளர்த்த ஆளை இதுக்குள்ள கூட்டிட்டு வரலாமாம். அந்த எழுத்தைக் குடுத்தா அதே தெம்போட வருவானாம். உங்க சீட்டு எங்கக்கா?"

"அது எப்பவோ தொலைஞ்சு போச்சு" என்றேன்.

தொலையவில்லை. தைலம் வைக்கிற மருந்துப் பெட்டியின் மூடிக்குள் அட்டைக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தேன். நான் வளர்த்தவனை இவள் கையில் கொடுப்பதா? நான் கொடுத்தால் அவன் எல்லாரையும் ஜெயிப்பான், பேர் இவளுக்குப் போகும். என் முதக் கையும் போய், என் ஆளும் போய், நான் நிலக்கடலையோடு உட்கார்ந்திருப்பேனா? அப்படித்தான் அன்றைக்கு நினைத்தேன்.

அவள் வெறும் ஆளை வைத்துத் தொடங்கினாள். இரண்டாம் பாகம் பழைய ஆளை எதிர்பார்த்துச் செய்த ஆட்டம். முதல் வண்டே மலை மாதிரி வந்தது. அவள் ஆள் விழுந்தான், எழுந்தான், திரும்பவும் விழுந்தான். எத்தனை தடவை விழுகிறான் என்று கடலைத் தோலை ஒதுக்கி வைத்து எண்ணினேன். ஆறு நாள் இப்படி நடந்தது. அவளுக்கு அலுக்கவில்லை. விழுந்து விழுந்தே மூன்று கட்டம் தாண்டிவிட்டாள்.

அந்த ஆறு நாளும் நான் பார்த்ததைச் சொல்கிறேன், அன்றைக்கு யாரிடமும் சொல்லாததை. இரண்டாம் பாகத்தில் குறை இருந்தது. வியாபாரிகள் அதிகம் பேசினார்கள். முதல் பாகத்தில் நாமே தேடிக் கண்டுபிடித்த வழியை இதில் அம்பு போட்டுக் காட்டினார்கள். பழைய வண்டுக்கே பச்சை அடித்து விட்டிருந்தார்கள். ஆனால் தாவல் முன்னைவிடச் சுத்தமாக இருந்தது. மண் காற்று அடிக்கும்போது திரை மங்கி, ஆள் ஒரு கையால் முகத்தை மூடுவான்; அதைச் செய்தவன் எங்க ஊர்ப் பக்கம் வந்திருப்பானோ என்று நினைத்தேன். எல்லாவற்றையும்விட, இதில் அவன் தனியாள் இல்லை. மூன்றாம் கட்டத்தில் ஒரு பெண் சேர்ந்துகொள்வாள். இவன் சுடும்போது அவள் பின்னால் காவல் நிற்பாள், இவன் விழுந்தால் தூக்கிவிடுவாள். "இவளும் கப்பல் உடைஞ்சு வந்தவளாம்க்கா. அவ ஊரே இல்லாமப் போச்சாம்" என்று ஓரகத்தி படித்துச் சொன்னாள். கேட்காதது போல் இருந்தேன். ஒரு சொல் விடாமல் கேட்டேன். நல்ல ஆட்டம். முதல் பாகத்தைவிட நல்ல ஆட்டம். முப்பது வருசம் கழித்துச் சொல்கிறேன், இப்போதும் சொல்ல நா கூசுகிறது.

ஏழாம் நாள் சாப்பிடும்போது எங்க வீட்டுக்காரர் கேட்டார். "என்னத்தா, வச்சுக்கிறலாமா?" "வச்சுக்கிறலாம், மாமா. ஆரம்பந்தான் கஷ்டம். போகப் போக நல்லாருக்கு" என்றாள். அவர் என் பக்கம் திரும்பினார். பொறுப்பை அவளுக்குக் கொடுத்தாலும் பழக்கம் விடவில்லை. "நீ என்ன சொல்ற?"

ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னேன். "ஆறு நாளா நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். முத வண்டுக்கே அம்பது தடவை சாகுறான். காசு குடுத்து ஆட வர்றவன் பத்து நிமிசத்துல ரிமோட்ட எறிஞ்சுட்டுப் போயிருவான். முதல் பாகத்தோட நிழலு கூட இல்ல. திருப்பிருங்க."

அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சீட்டு இருந்தால் சாகமாட்டான் என்று சொல்லியிருக்கலாம். குனிந்து சாப்பிட்டபடியே, "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும், மாமா" என்றாள். மறுநாள் காலைப் பஸ்ஸில் கேசட் மதுரைக்குப் போய்விட்டது.

ஒரு மாதத்துக்குள் அதே ஆட்டத்தைப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இன்னொருவர் கொண்டுவந்தார். முதல் பாகத்தை எங்கள் அறையில் முடித்தவர்கள் ஆளுக்கொரு சீட்டோடு அங்கே போய் நின்றார்கள். எங்க வீட்டுக்காரர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. முதக் கை திரும்ப என்னிடமே வந்தது, ஆனால் அதன் பிறகு எந்தக் கேசட்டையும் நல்லது கெட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் அந்த அறைப் பக்கமே வருவதில்லை. சில வருசத்தில் அண்ணனும் தம்பியும் பிரிந்தார்கள். கொழுந்தனாரும் அவளும் விருதுநகருக்குப் போனார்கள்.

போன வருசம் பங்காளி வீட்டு விசேசத்துக்கு வந்தவள், என் வீட்டில் இரண்டு நாள் தங்கினாள். கூட அவள் மகள், கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். பழைய ஆட்டமெல்லாம் இப்போது கம்ப்யூட்டரிலேயே கிடைக்கிறதாம். "அம்மா சொல்லிக்கிட்டே இருப்பாங்கல்ல பெரியம்மா, அந்த ரெண்டாம் பாகம்" என்று மடிக் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்தாள். அதே சிவந்த மண். அதே கேள்வி: பழைய ஆள் இருக்கிறானா?

எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து சீட்டை எடுத்துவந்து மேசையில் வைத்தேன். மகள் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்து மூன்றாம் வரியில் நின்றாள். மடிப்பில் ஒரு எழுத்தைப் பூச்சி அரித்திருந்தது. "மூணாவது வரியில ஒண்ணு போச்சு, பெரியம்மா. ஒண்ணு இல்லைன்னாலும் ஆளு வரமாட்டான்."

"அது ஏணி" என்றாள் என் ஓரகத்தி, சீட்டைப் பார்க்காமலே. "ரெண்டு படி வச்ச ஏணி."

அவள் மேசையில் விரலால் போட்டதைப் பார்த்து மகள் அந்த எழுத்தைக் காட்டினாள். நம்ம ஆளு முழுத் தெம்போடு, பெரிய துப்பாக்கியும் கனமான சட்டையுமாக எழுந்து நின்றான்.

நான் அவனைப் பார்க்கவில்லை. "இத நீ எப்பப் பாத்த?"

"தொலைஞ்சு போச்சுன்னு நீங்க சொன்ன அன்னைக்குச் சாயங்காலமே. தலைவலின்னு தைலம் எடுக்கப் போனேன்ல. எழுத்து பூரா மனசுல நின்னுச்சு. இப்ப மூணாவது வரியில இருந்த அந்த ஏணிதான் மிச்சம்."

"பின்ன ஏண்டி போட்டு ஆடல?"

"உங்க ஆளுல்லக்கா. நீங்க குடுப்பீங்கன்னு ஏழு நாளும் பாத்தேன்."

மடிக் கம்ப்யூட்டரில் மாட்டியிருந்த ரிமோட்டை என் பக்கம் நகர்த்தினாள். என் விரல் இப்போது மடங்குவதில்லை, அவளையே ஆடச் சொன்னேன். அவள் ஆட, மூன்றாம் கட்டத்தில் அந்தப் பெண் வந்து சேர்ந்து அவன் பின்னால் காவல் நிற்கும் வரைக்கும் பார்த்தேன். ஊருக்குக் கிளம்பும்போது மகளின் பேனாவை வாங்கி, சீட்டில் அரித்த இடத்துக்குப் பக்கத்தில் அந்த எழுத்தை எழுதிவிட்டுப் போனாள்.

ஜெயிக்கிற வழியைக் கையில் வைத்துக்கொண்டு ஆறு நாள் என் முன்னால் விழுந்து விழுந்து எழுந்திருக்கிறாள். எனக்கு அது வராது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் முதல் நாளே போட்டு ஆடியிருப்பேன். இப்போதும் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். ஊதா எழுத்தை எனக்காக இரண்டு படி வைத்தே எழுதியிருக்கிறாள். அந்த இரண்டு படியும் நான் எழுதியதைவிட நேராக இருக்கின்றன.