அண்ணியும் டெரியாக்கி சிக்கனும்

என் அண்ணி உட்கார்ந்து பார்த்தவர்கள் எங்கள் வீட்டில் யாரும் கிடையாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள். டிவி பார்த்தால் நின்றுகொண்டே பார்ப்பாள். போன் வந்தால் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே பேசுவாள். சாப்பாட்டைக்கூட எங்கள் எல்லோருக்கும் போட்டு முடித்த பிறகு, பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, யாரோ துரத்துகிற மாதிரி நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வாள். நான் அவளுக்கு நாத்தனார். அண்ணியிடம் குறை கண்டுபிடிப்பது என் பிறப்புரிமை. போதாததற்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை வேறு. ஊரில் யாருக்குப் பார்வை மங்கினாலும் எனக்குத் தெரிந்துவிடும், ஆனால் ஒரே வீட்டில் இருந்த இந்த விஷயம் மட்டும் எனக்கு வருஷக்கணக்காகப் புலப்படவே இல்லை.

அண்ணிக்கு ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள உணவகத்தில் பரிமாறும் வேலை. அங்கே கூட்டம் வருவது ஒரே ஒரு ஜப்பான் பண்டத்துக்காக, டெரியாக்கி சிக்கன். எலும்பு எடுத்த கோழித் தொடையைத் தோலோடு எரியும் தணலுக்கு மேலே கம்பியில் போட்டு வாட்டுவார்கள். சோயா சாஸ், சர்க்கரை, இஞ்சி, பூண்டு எல்லாம் சேர்த்துக் காய்ச்சிய சாஸைப் பூசுவார்கள். பளபளவென்று துண்டு போட்டுத் தட்டில் அடுக்குவார்கள். அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு மேஜை மேஜையாக ஓடுகிறவள் அண்ணி. ஓடுவதில் அவளுக்குச் சிரமமே இல்லை. சிரிப்பதில்தான் சிரமம்.

"காலையிலேருந்து சிரிச்சு சிரிச்சு தாடை வலிக்குது. இன்னைக்கு ஒருத்தன் விரலைச் சொடுக்கிக் கூப்பிடறான். அவனுக்கும் சிரிக்கணுமாம்!" என்று வந்ததும் வராததுமாகச் செருப்பை உதறுவாள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் கடையின் அடுப்பு மாஸ்டர், மகளோடு போய் இருக்கப்போவதாகச் சொல்லி வேலையை விட்டார். அடுப்புக்கு ஆள் தேடுவதாக முதலாளியம்மா சொன்னதும், கையில் நாலு தட்டோடு நின்ற அண்ணி, "நான் நிக்கறேன்" என்றிருக்கிறாள். சமையலறையே சிரித்ததாம். முதலாளியம்மாவும் சிரித்தார். மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"வீட்டுல செஞ்சு பழகிட்டு வா. அடுத்த திங்கக்கிழமை கடை திறக்கறதுக்கு முன்னாடி என் அடுப்புல செஞ்சு காட்டு. சாஸும் நீயே காய்ச்சிக் கொண்டு வரணும். நான் ஒண்ணும் சொல்லித் தர மாட்டேன்" என்றாராம். சரியாக வந்தால் அடுப்பு அண்ணிக்கு. வராவிட்டால் வெளியிலிருந்து ஒருவர் வருவார், அண்ணி ஆயுசுக்கும் தட்டுத் தூக்க வேண்டியதுதான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நிம்மதி போயிற்று.

முதல் நாள் அண்ணி கோழித் தொடையைச் சாஸில் முக்கி எடுத்து நேராக வாணலியில் போட்டாள். சர்க்கரை கருகி, கரிக்கட்டையாக ஒட்டிக்கொண்டது. வாணலியைச் சுரண்டியே என் அண்ணனுக்குத் தோள் வலி வந்துவிட்டது. அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். எதையும் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும் என்று நம்புகிற மனுஷன். மறுநாள் ஒரு சின்னக் கரி அடுப்பும், மேலே வைக்க ஸ்டீல் கம்பித் தட்டும் வாங்கிவந்து பால்கனியில் வைத்தான்.

"தீ வேணும், தீ இல்லாம அது அதுவாகாது" என்றான், ஏதோ தானே ஜப்பானுக்குப் போய்ப் படித்து வந்த மாதிரி.

அவன் சொன்னது சரிதான். கறியில் உப்பும் இஞ்சிச் சாறும் தடவி ஊற வைத்துவிட்டு, தோல் பக்கம் கீழே வரும்படி கம்பியில் போட்டால், கொழுப்பு சொட்டுச் சொட்டாகத் தணலில் விழும். விழுந்த இடத்தில் புஸ்ஸென்று நெருப்பு எழும்பிக் கறியை நக்கும். அந்தப் புகைதான் வாசம். சாஸைக் கடைசியில், கறி வெந்த பிறகு பிரஷ்ஷால் பூசி, ஒரு புரட்டு, மறுபடி ஒரு பூச்சு, ஒரு புரட்டு, அவ்வளவுதான். இத்தனையையும் அண்ணி தானே தட்டுத் தடுமாறிக் கண்டுபிடித்தாள். இரண்டு தடவை கையைச் சுட்டுக்கொண்டாள். மேல் மாடிக்காரர் தன் சட்டையெல்லாம் கோழி மணக்கிறது என்று சண்டைக்கு வந்து, ஒரு துண்டு வாங்கிக்கொண்டு போனார்.

தீ கைக்கு வந்துவிட்டது. சாஸ்தான் வரவில்லை. வரவில்லை என்று நாங்கள் சொன்னோம், வந்துவிட்டது என்று அவள் சொன்னாள். வீடு இரண்டுபட்டது அங்கேதான்.

"மிட்டாய் மாதிரி இருக்கும்மா" என்றாள் அண்ணனின் மகள். அவள் வாய்க்கு வீட்டில் பூட்டே கிடையாது.

"உப்பும் தூக்கலா இருக்கு" என்றான் அண்ணன், தட்டைப் பார்த்துக்கொண்டே. நேரே பார்த்துச் சொல்லும் தைரியம் அவனுக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

அண்ணி எல்லோருக்கும் போட்டு முடித்து, அடுப்பை அணைத்து, பால்கனியைத் துடைத்து, தொட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒரு துண்டை வாயில் போட்டாள். கண்ணை மூடினாள். "அச்சு அசல் இதேதான். இன்னும் கொஞ்சம் சுண்டணும், அவ்வளவுதான்" என்று சாஸை மறுபடி அடுப்பில் ஏற்றினாள்.

தினமும் இதே கதை. வேலை முடிந்து வருவாள், சீலை முந்தானையை இடுப்பில் செருகுவாள், கறி வெட்டுவாள், சாஸ் காய்ச்சுவாள். நாங்கள் அதிகம் என்போம், அவள் போதாது என்பாள். திங்கட்கிழமையை நினைத்து அவளுக்குத் தூக்கம் போயிற்று, கோழியை நினைத்து எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. இவ்வளவு பிடிவாதக்காரிக்கு எதற்கு ஒத்தாசை என்றுகூட நினைத்தேன். ஆனால் தூங்காத கண்ணோடு அவள் நிற்பதைப் பார்த்தால் கிண்ணத்தை வாங்கி இஞ்சி துருவ உட்கார்ந்துவிடுவேன்.

வெள்ளிக்கிழமை என்னால் அடக்க முடியவில்லை.

"அண்ணி, நான் உங்க கடையில சாப்பிட்டிருக்கேன். வாயில வச்சதும் முதல்ல புகை வாசம் வரும். அப்புறம்தான் இனிப்பே தெரியும். தோல் ஓரத்துல மொறுமொறுன்னு இருக்கும். நீங்க செய்யறது ஜாம்ல போட்டு எடுத்த மாதிரி இருக்கு."

"மொறுமொறுவா? யாருகிட்ட கதை விடற? தோல் வழவழன்னு இருக்கும். சாஸ் உள்ள வரைக்கும் இறங்கி இருக்கும். நான் தின்னதில்லையா? தினமும் தின்னுட்டுத்தான் வர்றேன்!"

"தினமும் எப்ப சாப்பிடுவீங்க?"

"கூட்டம் குறைஞ்சப்புறம். வேற எப்ப? மேஜையிலேருந்து தட்டு திரும்பி வரும்ல, கை வைக்காத துண்டு நிறைய கிடக்கும். அதை எடுத்து ஒரு பாத்திரத்துல போட்டு வச்சுப்போம். கடைசியா நாங்கெல்லாம் சேர்ந்து தின்போம்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. சாஸ் தேங்கிய பாத்திரத்தில் மதியமெல்லாம் ஊறிக் கிடந்த துண்டு. தோல் வழவழவென்று ஆகாமல் என்ன செய்யும்? இனிப்பும் உப்பும் உள்ளே இறங்காமல் எங்கே போகும்?

"அண்ணி, அடுப்பிலேருந்து எடுத்த சூட்டோட ஒரு தடவையாவது சாப்பிட்டிருக்கீங்களா?"

அண்ணி கையிலிருந்த துணியைப் பிழிந்தாள். ஏற்கெனவே பிழிந்த துணி. மறுபடி பிழிந்தாள்.

"அது கஸ்டமருக்குடி" என்றாள்.

"அப்ப நீங்க இத்தனை நாளா செஞ்சது டெரியாக்கி இல்ல. மிச்சம். மிச்சத்தை அச்சு அசலா செஞ்சிருக்கீங்க."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அண்ணி என்னைப் பார்த்தாள், பிறகு பால்கனி அடுப்பைப் பார்த்தாள், பிறகு தொட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்த தன்னுடைய ஆறிப்போன தட்டைப் பார்த்தாள். அழுதாள் என்று எழுதினால் என்னை அடிக்க வருவாள். மூக்கை உறிஞ்சினாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. கடையை விடுங்கள், இந்த வீட்டில் அவள் சூடாக எப்போது சாப்பிட்டாள்?

பழகுவதற்காகச் சனியும் ஞாயிறும் அவள் விடுப்பு போட்டிருந்தாள். சனிக்கிழமை நான் அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு அவள் கடைக்கே போனேன், கஸ்டமராக. ஜன்னலோர மேஜையில் உட்கார வைத்தேன். உட்காரவா செய்தாள்? பக்கத்து மேஜையில் தண்ணீர் தீர்ந்ததும் எழுந்துவிட்டாள். கையைப் பிடித்து இழுத்தேன். எதிர் மேஜையில் குழந்தை ஸ்பூனைக் கீழே போட்டதும் மறுபடி எழுந்தாள். மறுபடி இழுத்தேன். தட்டைக் கொண்டுவந்தது அவளோடு வேலை செய்யும் புதுப் பெண். வாயெல்லாம் சிரிப்பு.

"அக்கா, நீங்களா! சொல்லுங்கக்கா, வேற என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம் போடி, அந்த மூணாம் மேஜையைப் பாரு" என்றாள் அண்ணி. கூச்சம் அவளைப் பிடுங்கித் தின்றது.

"ஆறறதுக்குள்ள சாப்பிடுங்க" என்றேன்.

ஒரு துண்டை வாயில் வைத்தாள். மொறுக்கென்று சத்தம் எனக்கே கேட்டது. மென்றாள். கண்ணை மூடவில்லை, திறந்தே வைத்திருந்தாள். இரண்டாவது துண்டை எடுத்தாள். மூன்றாவதையும் எடுத்தாள். எனக்கு ஒரு துண்டு மிச்சம் வைக்க வேண்டும் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. எங்கள் வீட்டுக்கு அவள் வந்ததிலிருந்து அப்படி ஒரு மறதி அவளுக்கு வந்து நான் பார்த்ததில்லை.

"இவ்வளவு நாளா இதைத்தான் தூக்கிட்டு ஓடினேனா?" என்றாள். குரலில் வருத்தத்தைவிடக் கோபம்தான் அதிகம். "தூக்கிட்டு ஓடினவளுக்கு இது என்னன்னே தெரியல பாரு."

வீட்டுக்கு வந்ததும் பழைய சாஸைத் தொட்டியில் கொட்டினாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் புதிதாகக் காய்ச்சினாள். சர்க்கரையைக் குறைத்தாள், சோயாவைக் குறைத்தாள், கொஞ்சம் வினிகர் விட்டாள், பிரஷ்ஷில் ஒட்டுகிற பதம் வந்ததும் இறக்கினாள். இந்த முறை முதல் துண்டு யாருக்கும் போகவில்லை. கம்பியிலிருந்து எடுத்து அடுப்படியிலேயே ஊதி ஊதித் தின்று பார்த்தாள். "நீங்கெல்லாம் இருங்க" என்று எங்களைக் காக்க வைத்தாள். அண்ணன் தட்டோடு வரிசையில் நின்றான். பார்க்க நன்றாக இருந்தது.

திங்கட்கிழமை காலை சாஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். கடை இன்னும் திறக்கவில்லை, நாற்காலிகள் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தன. அடுப்பில் தணல் தயாராக இருந்தது. மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். முதலாளியம்மா ஒரு நாற்காலியை இறக்கிப் போட்டு உட்கார்ந்தார். அண்ணி முந்தானையை இடுப்பில் செருகினாள். இடுக்கியை எடுத்துக் கறியைக் கம்பியில் போட்டாள்.

தோல் சுருங்கியது, கொழுப்பு சொட்டியது, நெருப்பு எழும்பியது. ஒரு பூச்சு, ஒரு புரட்டு. துண்டு போட்டுத் தட்டை முதலாளியம்மா முன்னால் வைத்தாள். சரியாக அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. யாரோ காய்கறிக்காரர். தக்காளியில் ஆரம்பித்து வெங்காயத்துக்குப் போய்க்கொண்டிருந்தது பேச்சு. தட்டிலிருந்து எழும்பிய ஆவி மெலிந்துகொண்டே வந்தது. பல வருஷமாக அந்தக் கடையில் யார் பேச்சிலும் குறுக்கே போகாதவள் அண்ணி. விரலைச் சொடுக்கியவனுக்கும் சிரித்தவள்.

"அம்மா, போனை அப்புறம் பேசிக்கலாம்" என்றாள். "ஆறிட்டா இது வேற பண்டம். முதல்ல சாப்பிடுங்க."

சிரிக்கவே இல்லை. முதலாளியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். ஒரு துண்டு எடுத்தார். மாஸ்டரும் கிட்டே வந்து கையால் ஒன்றை எடுத்து மென்றார். மென்றுகொண்டே இருந்தார். எனக்கு அவர் தாடையைப் பிடித்து ஆட்டலாமா என்றிருந்தது.

"தீ ஒரு பிடி ஜாஸ்தி" என்றார். "என் அடுப்பு புதுசுல்ல உனக்கு. ரெண்டு நாள்ல பழகிடும்." முதலாளியம்மாவைப் பார்த்து, "ஆள் தேட வேணாம்மா" என்றார். முதலாளியம்மா அடுத்த துண்டை எடுத்துக்கொண்டார். அதுதான் பதில்.

நான் சந்தோஷத்தில் கத்திவிட்டேன். அண்ணி கத்தவில்லை. அப்போதுதான் அந்தப் புதுப் பெண் வேலைக்கு வந்தாள். விஷயம் தெரிந்து, "அக்கா!" என்று குதித்துவிட்டு, முதலாளியம்மா தள்ளி வைத்திருந்த தட்டில் மீந்த துண்டுக்குப் பழக்கத்தில் கையை நீட்டினாள். அண்ணி இடுக்கியால் அவள் கையில் லேசாக ஒரு தட்டு தட்டினாள்.

"அதைத் தொடாத. ஆறிடுச்சு."

பச்சைக் கறி ஒன்றை எடுத்துக் கம்பியில் போட்டாள்.

"கடையே இன்னும் திறக்கலையேக்கா. இது யாருக்கு?"

"உனக்கு. உட்காரு."

அந்தப் பெண் முதலாளியம்மாவைப் பயத்தோடு பார்த்துக்கொண்டே நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். கறி வெந்து தட்டில் வந்தது. வாயில் வைத்ததும், "ஐயோ, சுடுதுக்கா!" என்றாள்.

"சுடட்டும். மெதுவா சாப்பிடு, நான் இங்கதான் நிக்கறேன்" என்றாள் அண்ணி.

சொன்னபடியே நின்றாள். அந்தப் பெண் கடைசித் துண்டை விழுங்கும்வரை அந்த இடத்தைவிட்டு அவள் அசையவில்லை.