டியூனரில் சிவப்புக் கோடு: ரைஃபிளோடு அடையாறு தாண்டிய ஒரு காலை

போன ஞாயிற்றுக்கிழமை மந்தைவெளியிலிருந்து அடையாறு தாண்டி இருக்கும் துப்பாக்கிச் சுடும் மைதானத்துக்குப் போனேன். ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒரு பயணக் கட்டுரையா என்பீர்கள். ரைஃபிளோடு போய்ப் பாருங்கள், தெரியும். போனதற்குக் காரணம் வீம்பு. என் குழலில் முறுக்கு போதாது, குண்டு தள்ளாடுகிறது, குழலை மாற்று, இல்லாவிட்டால் கிளப் அணியில் இடத்தை விடு என்று பயிற்சியாளர் மாதவன் சார் சொல்லியிருந்தார். அன்று நான் சுடும் பத்து தோட்டாதான் தீர்ப்பு.

காலை ஆறேகாலுக்கு ஆட்டோ, நூற்றைம்பது ரூபாய். நீளப் பெட்டியைப் பார்த்த டிரைவர், "இன்னாம்மா, கச்சேரியா?" என்றார். துப்பாக்கி என்றேன். பாலம் வரும்வரை கண்ணாடியில் பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் மெதுவாக, "குறி கரீக்டா உழுமா?" என்றார். அதைத்தான் பார்க்கப் போகிறேன் என்றேன்.

குழலுக்குள் இருக்கும் சுருள் வரிகளின் முறுக்குதான் குண்டைச் சுழற்றுகிறது. என்னுடையதில் பதினாறு அங்குலத்துக்கு ஒரு சுற்று. பாயிண்ட் டூ டூ ரைஃபிளுக்கு வழக்கமான அளவு. சுழற்சி போதாவிட்டால் குண்டு சாய்ந்து போய்க் குறி அட்டையில் நீள ஓட்டை விழும். என் ஓட்டைகள் சிதறின, ஆனால் ஒவ்வொன்றும் பொட்டு மாதிரி வட்டம். ஆக, முறுக்கில் குறையில்லை.

எனக்குச் சந்தேகம் டியூனர் மேல்தான். குழலின் அதிர்வுக்கு ஏற்ப முன்னும் பின்னும் திருகி வைக்கும் எடை அது, முனையில் இருக்கும். எங்கள் கிளப்பில் யாருக்குக் குண்டு சிதறினாலும் பக்கத்தில் இருப்பவர் அக்கறையாக வந்து அதை ஒரு திருகு திருகிவிட்டுப் போவார். மூன்று மாதமாக என் டியூனர் பொதுச்சொத்து. அதனால் ஆளில்லாத வார நாட்களில் போய், ஒரே தொகுதியில் தயாரான தோட்டாவை ஒவ்வொரு நிலையிலும் பத்துப் பத்தாகச் சுட்டு, ஓட்டைகள் நன்றாகச் சேர்ந்து விழுந்த நிலையில் சிவப்பு நெயில் பாலிஷால் கோடு போட்டேன்.

ஞாயிறன்று இரண்டாவது தோட்டா இடப்பக்கம் ஓடியது. கடல் காற்று. சார் உடனே டியூனரை நோக்கிக் கை நீட்டினார்.

"கை வைக்காதீங்க சார்."

சார் கையை இழுத்துக்கொண்டார். காற்றைக் காட்டும் கொடி அடங்கும்வரை காத்திருந்து மிச்சம் எட்டையும் சுட்டேன். எட்டையும் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தால் மூடலாம். சார் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வட்டமாத்தான் இருக்கு. குழல் இருக்கட்டும், நீயும் இரு" என்றார்.

போகிறவர்களுக்கு: அசல் லைசென்ஸ் கையில் இருக்கட்டும். தோட்டாவைப் பூட்டும் போல்ட்டைக் கழற்றித் தனிப் பையில் வையுங்கள். பெட்டியில் என்ன என்பதை ஏறும் முன்பே டிரைவரிடம் சொல்லிவிடுங்கள். ஒரு குப்பி நெயில் பாலிஷ் போதும், புதுக் குழல் வேண்டாம். கோட்டைத் தாண்டி யார் கை நீட்டினாலும், எவ்வளவு பெரியவரானாலும், நான் சொன்ன அந்த மூன்று வார்த்தையைச் சொல்லுங்கள். எனக்கு அதற்கு மூன்று மாதம் ஆனது, நீங்கள் அவ்வளவு காத்திருக்காதீர்கள்.