யாருக்கு, யாரால்

கதவைத் தட்டிவிட்டு மெர்னா ஹாலரன் ஒரு படி கீழே இறங்கி நின்றுகொள்வாள். கதவைத் திறப்பவர் தன்னைக் குனிந்து பார்க்க வேண்டும். அண்ணாந்து பார்க்க வைத்தால் ஓட்டு விழாது என்பது அவள் நம்பிக்கை. டுலூத் நகரத்தில் ஏரிக்காற்று முதுகைத் துளைக்கும் நாளிலும் கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் கை குலுக்குவாள். வீட்டுக்குள் குழந்தைச் சத்தம் கேட்டால் கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்னப் பல்துலக்கி வெளியே வரும். பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவள். இலவசமாக வருவதையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்துவிடுவாள். "ஓட்டு யாருக்கு வேணா போடுங்க, ராத்திரி மட்டும் பல்லைத் தேச்சிட்டுப் படுங்க" என்பாள். சொல்லிவிட்டு ஜனநாயகக் கட்சி வேட்பாளரின் பெயரை மெதுவாக எடுப்பாள்.

அவள் காரின் பின்புறம் முழுக்கத் தேர்தல் ஸ்டிக்கர்கள். எல்லாமே தோற்றவர்களுடையவை. கேட்டால், "ஜெயிச்சவனுக்கு என் கார் எதுக்கு?" என்பாள். நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்பாள். யார் வீட்டில் நோய், யார் வீட்டில் சாவு என்று காதில் விழுந்தால் போதும், காட்டரிசியும் கோழியும் போட்டு அடுப்பில் வேகவைத்த பெரிய பாத்திரம் அந்த வீட்டு வாசலில் போய் இறங்கும். அதில் உப்பு எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். யாரும் சொன்னதில்லை.

ஆர்டிஸ் தொய்வோலா மட்டும் சொல்வாள். "ஏண்டி, செத்தவனுக்கு இரத்தக்கொதிப்பு வந்துரும்னா பயப்படறே?"

ஆர்டிஸ் ஆஸ்பத்திரி சமையலறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். முழங்கால் போய்விட்டது, சிரிப்பு மட்டும் தெருமுனை வரை கேட்கும். இருவரும் ஒன்றாகக் கதவு தட்ட ஆரம்பித்தபோது இருவர் தலையிலும் நரை இல்லை. மெர்னா பேசுவாள், ஆர்டிஸ் நாய்களைச் சமாளிப்பாள். தங்களை லிபரல், அதாவது தாராளவாதிகள் என்றுதான் இருவரும் சொல்லிக்கொண்டார்கள். அந்தச் சொல்லையே எதிர்க்கட்சிக்காரர்கள் வசவாக்கிவிட்டபோதும் மெர்னா விடவில்லை. கட்சியின் இளவட்டங்கள் தங்களை முற்போக்கு என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தபோது, சாயம் போன சட்டைக்குப் பதில் புதுச்சட்டை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

மலைச்சரிவில் ஆர்டிஸ் குடியிருந்த செங்கல் கட்டடத்தை வெளியூர் நிறுவனம் ஒன்று வாங்கியது. வாடகை ஏறியது. மெர்னா சும்மா இருப்பாளா? நகரசபை உறுப்பினர்களை ஒவ்வொருவராகப் பிடித்தாள். கைக்குழந்தைக்காரிகளையும் கிழவர்களையும் காரில் ஏற்றிச்சென்று சபையில் பேசவைத்தாள். கடைசியில் வாடகை உதவி நிதி ஒன்று பிறந்தது. முடியாதவர்களின் வாடகையில் ஒரு பங்கை நகரமே கட்டிவிடும். அன்று மெர்னா அழுதாள். ஆர்டிஸ்தான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த வருஷம் வாடகை மறுபடி ஏறியது. மெர்னா போராடி நிதியைக் கூட்ட வைத்தாள். அதற்கடுத்த வருஷமும் ஏறியது.

ஒருநாள் காபி குடிக்கும்போது ஆர்டிஸ் சொன்னாள்: "உன் நிதி என் கைக்கு வரல மெர்னா. என் பேரைச் சொல்லி நேரா அவன் கைக்குப் போகுது. இவளால முடியலன்னா ஊர் குடுக்கும்னு அவனுக்குத் தெரிஞ்சு போச்சு. அவன் ஏன் நிறுத்துவான்?"

"அதுக்காக உன்னைத் தெருவுல நிக்க விடச் சொல்றியா?"

"வாடகை இதுக்கு மேல ஏறக்கூடாதுன்னு சட்டம் போடச் சொல்றேன்."

"அந்தப் பசங்க பேச்சைக் கேட்டு ஆடறியா நீ? இந்த வயசுல முற்போக்கா?" மெர்னா சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

ஆர்டிஸ் சிரிக்கவில்லை. "நீ யாருக்குக் கஷ்டம்னு கேக்கறே. நல்ல கேள்விதான். நாங்க யாரால கஷ்டம்னு கேக்கறோம். அதைக் கேட்டா மட்டும் உனக்குக் குளிர் எடுக்குது."

அந்தப் பேச்சு மெர்னாவின் உள்ளே எங்கோ போய்த் தைத்தது. அவள் சிறுமியாக இருந்தபோது இரும்பாலை மூடி அப்பாவின் வேலை போயிற்று. அந்தக் குளிர்காலம் முழுக்க அரசாங்கம் கொடுத்த பாலாடைக்கட்டியையும் பால்பவுடரையும் தின்றுதான் ஐந்து பிள்ளைகளும் பிழைத்தார்கள். கொடுத்தவர்களுக்காக அம்மா தினமும் ஜெபம் செய்தாள். ஆலையை யார் மூடினார்கள், ஏன் மூடினார்கள் என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதாக மெர்னாவுக்கு நினைவில்லை.

வசந்தத்தில் கட்சியின் நகர மாநாடு பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் கூடியது. வாடகைக்கு உச்சவரம்பு வேண்டும் என்று கட்சி அறிவிக்க வேண்டுமா, கூடாதா என்பதுதான் தீர்மானம். தீர்மானத்தைக் கொண்டுவந்தவர்களில் ஆர்டிஸும் ஒருத்தி. எதிர்த்துப் பேச ஆள் தேடியபோது எல்லாரும் மெர்னாவைத்தான் பார்த்தார்கள். அவள் சொன்னால் ஊர் கேட்கும்.

மெர்னா மைக் முன் போனாள். தான் நம்பியதைத்தான் பேசினாள். "தெற்கே ஓர் ஊர்ல வரம்பு போட்டாங்க. வீடு கட்டறவங்க கட்டறதை நிறுத்திட்டாங்க. இருக்கிற வீடும் பத்தாமப் போச்சு. இந்தத் தீர்மானத்தைத் தூக்கிட்டு நான் எந்தக் கதவைத் தட்டறது? நாம தோத்தா அவங்க வருவாங்க. வந்தா முதல் வேலையா இந்த நிதியை மூடுவாங்க. பாதி ரொட்டியாவது கையில இருக்கு. அதையும் தட்டி விட்டுடாதீங்க."

பின்வரிசையிலிருந்து ஒரு பையன் கத்தினான்: "அந்தப் பாதி ரொட்டியையும் வீட்டுக்காரன்தான் திங்கறான்!"

"உட்காருடா, பெரியவங்க பேசறாங்க" என்று இன்னொருவர் அதட்டினார். கூச்சல் எழுந்தது. கை தூக்கி எண்ணியதில் குழப்பம் வந்ததால், வேண்டும் என்பவர்கள் ஜன்னல் பக்கம், வேண்டாம் என்பவர்கள் சமையலறைப் பக்கம் போய் நிற்கும்படி தலைவர் சொன்னார்.

ஆர்டிஸ் மேசைகளைப் பிடித்துப் பிடித்து ஜன்னல் பக்கம் நடந்தாள். இத்தனை வருஷமும் அவள் முழங்கையைத் தாங்கி நடத்திச் சென்றவள் மெர்னா. கை தானாக நீண்டது. பிறகு மடங்கிக்கொண்டது. மெர்னா சமையலறைப் பக்கம் போனாள். அவள் பக்கம்தான் ஆள் அதிகம். கொஞ்சம்தான் அதிகம்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் ஆர்டிஸ் அவளைப் பார்த்து, "நல்லாப் பேசினே" என்றாள். கேலியாகச் சொல்லியிருந்தால் மெர்னா தாங்கிக்கொண்டிருப்பாள்.

கட்சி இலையுதிர்காலத் தேர்தலில் ஜெயித்தது. நிதியும் தப்பியது. ஆனால் எல்லாருக்கும் பங்கு வேண்டியிருந்ததால் ஒவ்வொருவருக்கும் கிடைத்தது சுருங்கிப்போயிற்று. அடுத்த வாடகை ஏற்றத்தில் ஆர்டிஸால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. மாநில எல்லையைத் தாண்டி ஃபார்கோவில் தம்பி வீட்டு அடித்தள அறைக்குப் போவதென்று முடிவாயிற்று.

வண்டியில் சாமான் ஏற்றும் நாளில் மெர்னா வந்தாள். என்ன சொல்வதென்று தெரியாமல் தட்டுகளைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினாள். "என் வீட்டுக்கு வந்துடு ஆர்டிஸ். மாடி அறை காலியாத்தான் இருக்கு."

"கூப்பிடுவேன்னு தெரியும்." ஆர்டிஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டாள். "என்னைக் கூட்டிட்டுப் போயிடுவே. கீழ்வீட்டுக்காரியை? எதிர்வீட்டுக் கிழவனை? உனக்கு எத்தனை மாடி இருக்கு?"

மெர்னாவின் கண் கலங்கியது. "நான் தப்பாப் பேசினேனா?"

"தப்புன்னா உன்கிட்டச் சண்டை போட்டுட்டு நிம்மதியாப் போயிருப்பேன். நீ நல்லவடி. அதுதான் தொல்லை." பிறகு பழைய ஆர்டிஸ் கொஞ்சம் எட்டிப் பார்த்தாள். "அந்த மாநிலத்துல எப்பவும் அவங்கதான் ஜெயிக்கறாங்க. ஃபார்கோவுல நம்ம கட்சிக்கு ஓட்டுப் போட்டா காத்துல போட்ட மாதிரி. இனிமே எந்தப் பக்கம் நின்னா என்ன?"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு தெருமுனை வரை போகவில்லை.

தம்பி மகன் வண்டியைக் கிளப்பினான். ஆர்டிஸ் ஜன்னல் வழியாகச் சாவியை நீட்டினாள். "இதைக் கீழே ஆபீசுல குடுத்துடு. என்னால இன்னொரு தடவை இறங்க முடியாது." வண்டி சரிவில் இறங்கி ஏரிப்பக்கம் திரும்பி மறைந்தது.

ஆபீசில் ஓர் இளைஞன் இருந்தான். நிறுவனத்தின் பெயர் தைத்த சட்டை, நல்ல சிரிப்பு. "நகரத்து நிதியைக் கொண்டுவந்த மேடம்தானே நீங்க? உங்களால எங்களுக்கு வாடகை நிலுவையே இல்லாமப் போச்சு. ரொம்ப நன்றி மேடம்" என்று மனசாரச் சொன்னான். சாவியை வாங்கக் கையை நீட்டினான்.

யார் நன்றி சொன்னாலும் முந்திக்கொண்டு பதில் சொல்பவள் மெர்னா. இப்போது கையிலிருந்த சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் உள்ளங்கையை விரித்தபடி காத்திருந்தான். மெர்னா அதற்கு மேலே தன் கையைக் கொண்டுபோனாள். பிடித்திருந்த சாவி அவள் உள்ளங்கையில் பதிந்து வலித்தது. அவள் விரல்களை இன்னும் இறுக்கினாள்.