டைம்டேபிள் நானா

எங்கள் கரையோர உதைபந்தாட்டப் போட்டிகளுக்குத் திகதி குறிப்பவரை எல்லோரும் அண்ணன் முறை வைத்து 'டைம்டேபிள் நானா' என்றே கூப்பிடுவோம். வெள்ளைத் தொப்பி, மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடி, கழுத்தில் எப்போதும் ஒரு விசில். கூட்டத்தில் சத்தம் கூடினால் அதை மெல்ல ஊதுவார்.

வெள்ளி ஜும்ஆ, ஞாயிறு பூசை, கோயில் திருவிழா எல்லாம் விலக்கித்தான் அவர் நாள் பிடிக்க வேண்டும். யுத்தம் முடிந்த பிறகு இன்னொரு தலையிடியும் சேர்ந்தது. சோளகக் காற்று தொடங்கி எங்கள் பக்கக் கடல் கொந்தளித்தால், உடப்பு ஊர் அணியில் பாதிப்பேர் முல்லைத்தீவுக்குக் கடல்தொழிலுக்குப் போய்விடுவார்கள்.

ஒரு வருடம் எங்கள் ஆட்டத்துக்கு முன்பே போய்விட்டார்கள். அணித்தலைவனான நான், "வராட்டி வெற்றிய எங்களுக்குத் தாங்க நானா" என்றேன்.

அவர் ஆட்டத்தைச் சோளகம் ஓய்ந்த பிறகுக்குத் தள்ளிவைத்தார்.

"முந்தியும் இப்படிக் கரைச்சலா நானா?"

"முந்தி லேசு தம்பி. யுத்த நேரம் ஆருக்கும் எங்கயும் போக ஏலாதே. போட்ட நாளுக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க."

காற்று ஓய்ந்ததும் உடப்பார் திரும்பி வந்து எங்களைத் தோற்கடித்தார்கள். கோட்டோரம் நின்ற நானா விடாமல் கைதட்டினார். அது அவர்கள் அடித்த கோலுக்கா, போய்வந்ததற்கா என்று எனக்கு இன்னும் தெரியாது.